சுட்டுத் தேய்ந்த துப்பாக்கியும் சுடாத துப்பாக்கியும்

ஹெரிஃபோர்டில் மழையோடும் மார்ஜரியோடும் சுகமாக இருக்கும் என் தம்பி ரூபர்ட்டுக்கு, தெற்கு டகோட்டாவிலிருந்து அக்கா ஹெஸ்டர் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் முழங்காலும், தோட்டத்தில் மிச்சமிருக்கும் பூசணிக்காய்களும் சுகம். அங்கே உங்கள் இருவரையும் நாய்களையும் கர்த்தர் அப்படியே வைத்திருப்பாராக.

நிற்க. என் கல்யாணத்துக்கு வர விமான டிக்கெட் வாங்கிவிட்டாயா? வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. கல்யாணம் நடக்காது. காரணம் அப்பாவின் துப்பாக்கி. மார்ஜரி இந்த இடத்தில் சிரிப்பாள் என்று தெரியும், அவளை முதலில் அடுப்படிக்கு அனுப்பிவிட்டு மேலே படி.

டெல்மரை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். மாட்டு வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். என் வால்டர் இறந்த குளிர்காலத்தில் வாசல் பனியை அள்ளிப்போட வந்தவர், பனியெல்லாம் உருகிப் புல் முளைத்த பிறகும் வருவதை நிறுத்தவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் என் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டே, "ஹெஸ்டர், நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா நான் தினமும் வண்டி எடுக்க வேண்டாம் பாரு" என்றார். காதலைச் சொல்வதில் இந்தப் பக்கத்து ஆண்கள் இதற்கு மேல் போகமாட்டார்கள். எனக்கும் அது போதுமாக இருந்தது. சரி என்றேன்.

அந்தச் சந்தோஷத்தில், தன் உயிருக்கு உயிரான பொருளைக் காட்டுகிறேன் என்று வீட்டுக்கு அழைத்துப்போனார். அவருடைய தாத்தா காலத்து அமெரிக்க இரட்டைக்குழல் துப்பாக்கி, வாங்கின பெட்டியிலேயே இருக்கிறது. கையில் வெள்ளைத் துணி உறை மாட்டிக்கொண்டு, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார். இரும்பில் நீலமும் தேன் நிறமுமாக மேகம் படர்ந்திருந்தது. நன்றாகச் சுடுமா என்று கேட்டேன். யாருக்குத் தெரியும் என்றார். மூன்று தலைமுறையாக ஒருவரும் சுடவில்லையாம், சுட்டால் அதன் கன்னித்தன்மை போய்விடுமாம், கொஞ்சம் தள்ளி நின்று மூச்சு விடுகிறாயா என்றும் கேட்டுக்கொண்டார். கட்டின பெண்டாட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டுவார்களா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பதிலுக்கு நானும் அப்பாவின் துப்பாக்கியைக் காட்டினேன். அங்கேதான் வினை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, "இதுல எதெல்லாம் செஞ்சப்ப இருந்தபடியே இருக்கு?" என்றார். நான் பெருமையாகச் சொன்னேன்: தாத்தாவுக்கு நீளக் கை, அப்பாவுக்குக் குட்டைக் கை, அதனால் தோளில் பதிக்கும் மரக்கட்டையை அறுத்தார்கள். நீ பனைமரம் மாதிரி வளர்ந்ததும் வால்நட் துண்டு ஒன்றை வைத்து மறுபடி ஒட்டினார்கள். அது எனக்கு வந்ததும் மறுபடி அறுத்தார்கள். கீல் தளர்ந்தபோதெல்லாம் இறுக்கினார்கள், குழலுக்கு நிறம் மங்கியபோதெல்லாம் ஏற்றினார்கள், அப்பா வருஷந்தோறும் ஆளி எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கட்டை பளபளவென்று ஆனது. டெல்மர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "ஹெஸ்டர், இது துப்பாக்கி இல்ல. தலைமுறை தலைமுறையா நடந்த குத்தம்" என்றார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. குழலில் சுருள்சுருளாக ஓடும் கோலத்தை அப்போதுதான் பார்த்தார். டமாஸ்கஸ் இரும்பு, பட்டைகளை முறுக்கி அடித்த பழைய காலத்து வகை. இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், வெடித்துக் கை போனவன் கதை ஆளுக்கொன்று சொல்வார்கள், கை போனவனை மட்டும் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. பர்மிங்காமில் சோதித்துக் குத்திய முத்திரையைக் காட்டினேன். முத்திரையா வந்து உன் விரலைத் தாங்கப்போகிறது என்று கேட்டுவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமலே போய்விட்டார்.

பிறகு ஃபெசன்ட் என்கிற காட்டுக்கோழி வேட்டை தொடங்கும் நாள் வந்தது. டெல்மரின் தங்கை ஆர்டிஸின் பண்ணையில்தான் எல்லோரும் கூடுவது. ஆர்டிஸ் நல்ல மாதிரி, பேச்சு முடிந்த நாளிலிருந்தே என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள். நம் வழக்கப்படி, உள்ளே தோட்டா இல்லை என்று எல்லோருக்கும் தெரிய, துப்பாக்கியை மடக்கித் திறந்து முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டு முற்றத்தில் போய் நின்றேன். டெல்மரின் சிநேகிதர் ஒருவர் வந்து பார்த்து மிகவும் வருத்தப்பட்டு, "அடடா, கழண்டு போச்சாம்மா? வண்டியில டேப் இருக்கு, சுத்தித் தரட்டுமா?" என்றார். அவரோ மூடின துப்பாக்கியைத் தோட்டக்குழாய்போல நாலு பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தார். சோளக்கொல்லையில் எல்லோரும் வரிசையாக நடக்கத் தொடங்கினோம். என் குழல் வெடிக்கும் என்று அவர் இடப்பக்கம் ஒதுங்கினார், அவர் குழல் என்னைப் பார்க்கிறதே என்று நான் வலப்பக்கம் ஒதுங்கினேன். அவர் ஒதுங்க நான் ஒதுங்க, வரிசை நடுவில் ஒரு லாரி போகும் அளவுக்கு வழி விழுந்துவிட்டது. கொல்லையிலிருந்த சேவல்கள் எல்லாம் விருந்து முடிந்து வீடு திரும்பும் சம்பந்திகள்போல அந்த வழியாகவே நடந்து வெளியேறின. சுடு ஹெஸ்டர் என்று டெல்மர் தூரத்திலிருந்து கத்தினார். "அது நடக்குது டெல்மர்" என்றேன். "நடந்தா இன்னும் நல்லதுதானே, மெதுவாத்தானே போகுது" என்றார். தரையில் நடக்கிற பறவையைச் சுட்டால் அப்பா கல்லறையில் புரண்டு படுக்கமாட்டாரா? நான் சுடவில்லை. ஒரு சேவல் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது.

மத்தியானம் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், வைத்த இடத்தில் துப்பாக்கியைக் காணோம். தேடிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கே, ரூபர்ட், நம் அப்பாவின் துப்பாக்கியைத் தூணில் சாய்த்த ஒரு பழைய டிராக்டர் டயரில் கயிறு போட்டுக் கட்டி, விசைகளில் நூல் மாட்டி, நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தானியத் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தார் டெல்மர். நான் கத்துவதற்குள் இழுத்துவிட்டார். இரண்டு குழலும் ஒன்றாகச் சுட்டன. குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. டயர்தான் அதிர்ந்து எழுந்து, துப்பாக்கியையும் சுமந்துகொண்டு சரிவில் உருண்டு, ஆர்டிஸ் அப்போதுதான் அடுப்பில் வெந்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷைத் தட்டோடு எடுத்துவைத்த மேஜைமேல் போய் ஏறியது. பின்னாலேயே ஓடிய டெல்மர் மேஜைமேல் விழுந்தார். "அண்ணி, ஆப்பிள் பை மட்டும் தப்பிச்சிருச்சு" என்றாள் ஆர்டிஸ் நிதானமாக.

துப்பாக்கியின் கட்டையில் ஒரு கீறல், அவ்வளவுதான். ஏன் கேட்காமல் எடுத்தீர்கள் என்று கேட்டேன். தொப்பியிலிருந்து கிழங்கு வழிய நின்றுகொண்டு, "உனக்கு விரல் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? கேட்டா நீ குடுக்கமாட்ட. அதான் கேக்கல" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அதோடு வாயை மூடியிருக்கலாம் அந்த மனிதர். இவ்வளவு நாள் உழைத்தது போதும், இனிமேல் இதைச் சுவரில் மாட்டிவிடலாம் என்றார்.

சுவரிலா? அப்பாவின் துப்பாக்கியையா? என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சிநேகிதர்களுக்குக் காட்டுவதற்காக அவர் கொண்டுவந்திருந்த பெட்டியைத் திறந்து, வெறுங்கையால் அவருடைய கன்னித் துப்பாக்கியை எடுத்து, பழைய குழலுக்காக நான் வைத்திருக்கும் மருந்து குறைந்த தோட்டாக்களைப் போட்டேன். நேரம் பார், காற்றைத் தடுக்க நட்ட மரவரிசைக்கு மேலே ஒரு சேவல் உயரமாக, வேகமாக, நம் ஊரில் பறப்பதுபோலவே வந்தது. முதல் குழல் தவறியது. இரண்டாவதில் விழுந்தது. தம்பி, அப்படி ஒரு துப்பாக்கி! தோளில் வந்து தானாக உட்கார்ந்தது.

சிநேகிதர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள், செத்த வீட்டில் கழற்றுவதுபோல. டெல்மர் குனிந்து இரண்டு காலித் தோட்டாக்களையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, வண்டியேறிப் போய்விட்டார். அப்புறம் வரவில்லை. நானும் போகவில்லை. தக்காளிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். வால்டர் போனபோது இருந்த சத்தமில்லாத வீடு மறுபடி வந்துவிட்டது. அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். அமெரிக்கர்களுக்கும் நமக்கும் மொழி ஒன்று என்று நினைத்தது என் பிழை.

மார்ஜரியின் இருமலுக்குத் தேன் கொடு. பிள்ளைகளுக்கு என் முத்தம், நாய்களுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு சொறி. எல்லோரும் நூறாண்டு நலமோடு இருக்க வாழ்த்தும்,

உன் அக்கா,
ஹெஸ்டர்

பி.கு.: ஒட்டின கடிதத்தைப் பிரித்து எழுதுகிறேன். டெல்மர் வந்திருக்கிறார். நான் ஆர்டிஸ் வீட்டில் விட்டுவந்த தோட்டாக்களை எல்லாம் இத்தனை நாளும் தன் பெட்டித் துப்பாக்கியால் தகர டப்பாக்களைச் சுட்டே தீர்த்துவிட்டாராம், இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். துப்பாக்கி உதைத்து உதைத்து அவர் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. "ஒரு நல்ல நாள் வரட்டும், சுடலாம்னு தாத்தா வெச்சாரு, அப்பாவும் வெச்சாரு. அதோட சத்தத்தக்கூட யாரும் கேக்கல ஹெஸ்டர். நீ சுட்டப்புறம்தான் கேட்டேன்" என்றார். அடுத்து, கட்டை தன் கைக்கு நீளமாக இருக்கிறது, உன் அப்பா செய்ததுபோல அறுத்துவிடலாம், ரம்பம் எங்கே என்றார். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "அதுல கை வெச்சீங்கன்னா தெரியும். அது பிறந்தது மாதிரியே இருக்கட்டும்." சொன்னவள் நானா என்று இன்னும் நம்ப முடியவில்லை. டிக்கெட்டை வாங்கு, தம்பி. ரம்பத்தை மாவு டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறேன். அடுப்படியில் டின்கள் உருளும் சத்தம் கேட்கிறது.