காலமான கிருமிகள் மீது நடந்த விசாரணை

குடல் நலமாக இருந்தால்தான் நாடு நலமாக இருக்கும். இதை நான் சொல்லவில்லை, எங்கள் கம்பெனி வாசலில் கட்டியிருந்த பேனர் சொன்னது. ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு பிரேக் சாமான் செய்கிற கம்பெனி. பேர் வேண்டாம் சாமி, எனக்கு இன்னமும் அங்கேதான் வேலை.

பேனர் கட்டியவர் எச்.ஆர். மேனேஜர் மாதவன் சார். அவருக்கு வருஷத்துக்கு ஒரு பித்துப் பிடிக்கும். போன வருஷம் மெஷினை நிறுத்திவிட்டு எங்களைக் கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னார். இந்த வருஷம் குடல். "நம்ம குடல்ல கோடிக்கணக்குல நல்ல பாக்டீரியா இருக்கு. அதுங்கதான் நம்ம உண்மையான தொழிலாளிங்க" என்று மீட்டிங்கில் உருகினார். போனஸ் கேட்காத தொழிலாளிகள் மேல் ஒரு மேனேஜருக்குப் பாசம் பொங்குவது இயற்கைதானே.

ஆகவே குடல்நல வாரம் கொண்டாடுவது என்று முடிவாயிற்று. தொடக்க விழாவில் எல்லாருக்கும் சாமைப் பொங்கல். சிறப்பு விருந்தினர், குடல்நல விழிப்புணர்வுச் சிறப்பு அலுவலர் கோவிந்தப்பன் அவர்கள். இப்படி ஒரு பதவி நாட்டில் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பொங்கல் வைத்தது எங்கள் கேன்டீன் தில்ஷாத் அக்கா. மத்திகிரியில் வாடகை வீடு, புருஷன் இல்லை, மகள் தஸ்லிம் நர்சிங் படிக்கிறாள். அக்காவின் கரண்டி நின்றால் அந்தப் பிள்ளையின் படிப்பும் நின்றுவிடும். காலையிலேயே அண்டாவை இறக்கிவிட்டார். நெய் வாசம் பிரஸ் ஷாப் வரைக்கும் வந்து எங்கள் உற்பத்தியைக் கெடுத்தது.

"சூட்டோட சாப்பிட்டுருங்கப்பா" என்றார் அக்கா.

"பொறுங்கம்மா. ஆறட்டும்" என்றார் மாதவன் சார். ஆறியதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அண்டாவிடம் வந்தார். "கையால பிசைஞ்சாத்தான் நல்ல பாக்டீரியா சேரும். வீடியோல பாத்தேன்."

"சார், வெரல்ல கட்டுப் போட்டிருக்கீங்களே. சீழ் கோத்த மாதிரி இருக்குது."

"சின்னக் காயம்மா."

"கரண்டி இருக்குது சார்."

"கரண்டியில ஏதும்மா உயிர்?"

சார் முழங்கை வரைக்கும் விட்டுப் பிசைந்தார். ஒரு மேனேஜர் தொழிலாளிக்காகப் பொங்கல் பிசைகிறார் என்றால் சும்மாவா! நாங்கள் கை வலிக்கத் தட்டினோம். ஆளாளுக்கு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டோம்.

பிறகு அண்டா மூடிக்கு ரிப்பன் கட்டினார்கள். அலுவலர் வந்து வெட்டினால்தான் பந்தி. அலுவலரோ குருபரப்பள்ளியில் ஒரு கழிவறையைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. அண்டா ஷாமியானாவுக்குக் கீழே வெதுவெதுவென்று காத்திருந்தது, நாங்களும் காத்திருந்தோம்.

"சார், உள்ள ஃப்ரிட்ஜ்லயாவது வெச்சுரட்டுமா?" என்று அக்கா கேட்டார்.

"ரிப்பன் கட்டின அண்டாவ ஃப்ரிட்ஜுல வெப்பாங்களா? மரியாதை என்னாகறது?"

சாப்பாட்டு வேளை தாண்டிய பிறகு அலுவலர் வந்தார். ரிப்பனை வெட்டினார். பொங்கல் ஆறி அவலட்சணமாக இருந்ததால், போட்டோவில் ஆவி தெரிய வேண்டும் என்று மாதவன் சார் உடனே சுட வைக்கச் சொன்னார். அக்கா தண்ணீர் தெளித்து நன்றாகவே கொதிக்க விட்டார். அலுவலர் ஸ்பூனை வாயருகில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு இளநீர் குடித்தார். மாதவன் சார் ஏதோ ஃபாஸ்டிங் முறையில் இருந்ததால், பொழுது சாயாமல் எதையும் தொட மாட்டாராம். மிச்சமிருந்த அத்தனை பேரும் வழித்து நக்கினோம். பசி அப்பேர்ப்பட்ட பசி.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்தது. ஐயோ, அதை விவரித்தால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். டிரைவர் கங்கப்பன் ஒரு வாரம் பஸ்ஸைக் கழுவினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விசாரணை அதிகாரியாக கோவிந்தப்பன் அவர்களே நியமிக்கப்பட்டார். சம்பவ இடத்தில் இருந்தவருக்குத்தானே விவரம் தெரியும்! கேன்டீனில் எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து, முதலில் டிரைவரைக் கூப்பிட்டார்.

"வாந்தி எங்க ஆரம்பிச்சது?"

"ஏனு மாடோது, என்ன பண்றது சார், ஜூஜூவாடி பார்டர் செக்போஸ்ட் தாண்டினதும் ஒருத்தர் ஆரம்பிச்சாரு. அத்திப்பள்ளி போறதுக்குள்ள முழு பஸ்ஸும்."

அலுவலர் முகம் மலர்ந்தது. "ஆக, மேற்படி வாந்தி யாவும் கர்நாடக மாநிலத்தில் நிகழ்ந்தவை. நமது அதிகார எல்லைக்குள் வரா."

"சார், நான் மத்திகிரி ரூம்லதான் வாந்தி எடுத்தேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது தனிநபர் விவகாரம்."

எங்களுக்கு ஊசி போட்ட டிஸ்பென்சரி டாக்டர் ஹீனா எழுந்தார். சின்ன வயசு, பயம் போதாது.

அலுவலர் சொன்னார்: "நான் ஸ்பூன்ல மிச்சம் வெச்ச பொங்கல லேப்ல பாத்தாச்சு டாக்டரம்மா. உயிருள்ள கிருமி ஒண்ணுகூட இல்ல."

"இருக்காது சார். சுட வெச்சதுல செத்திருக்கும். ஆனா அதுக்கு முன்னாடி அந்த வெதுவெதுப்புல மணிக்கணக்கா பெருகி, நஞ்சக் கக்கி வெச்சிருச்சு. கிருமி சாகும், அந்த நஞ்சு கொதிச்சாலும் அழியாது. அது வயித்துக்குள்ள போனதும் குடல் நரம்பு மூளைக்குத் தகவல் சொல்லும், மூளை எல்லாத்தையும் வெளிய தள்ளச் சொல்லும். அதான் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே வாந்தி."

"அப்ப குற்றவாளி இப்ப உயிரோட இல்ல?"

"இல்ல சார்."

"குற்றவாளி காலமாயிட்டா வழக்கு முடிஞ்சிரும் டாக்டரம்மா. அதுதான் சட்டம்."

"நஞ்சு இருக்கே சார்!"

"அது கிருமியோட வாரிசா? வாரிசுச் சான்றிதழ் இருக்கா?"

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. "கிருமி எங்கேர்ந்து வந்துச்சுன்னாவது கேளுங்க சார். இந்த வகை மனுஷத் தோல்ல, மூக்குல, சீழ் புடிச்ச காயத்துல இருக்கும்."

எல்லார் கண்ணும் மாதவன் சாரின் விரலுக்குப் போயிற்று. விரல் பேன்ட் பாக்கெட்டுக்குள் போயிற்று.

அலுவலர் தொண்டையைக் கனைத்தார். "பொங்கல்ல யாராவது கை வெச்சதப் பாத்தவங்க கை தூக்கலாம்."

தில்ஷாத் அக்கா எங்களைப் பார்த்தார். அடுத்த மாதம் நிரந்தரப் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள், எடுப்பவர் மாதவன் சார். நாங்கள் மேலே ஃபேனைப் பார்த்தோம். அது நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, அத்தினி பேரும் கைதட்டுனீங்களே! போட்டோ புடிச்சீங்களே!"

ஸ்டேட்டஸ் ஒரு நாளில் மறைந்துவிடும். எங்கள் ஞாபகமும் அதே கம்பெனித் தயாரிப்புதான்.

அலுவலர் தீர்ப்பை வாசித்தார். வாந்தி இல்லை, கிருமி இல்லை, கை இல்லை. எனவே யாருக்கும் எந்த நோயும் ஏற்படவில்லை. "ஆனால் ஒரு குற்றம் மட்டும் ஐயந்திரிபற நிரூபணமாகியுள்ளது. விசாரிக்கப்பட வேண்டிய கிருமிகளைக் கொதிக்க வைத்துக் கொன்று, சாட்சியத்தை அழித்திருக்கிறார்கள். அடுப்பைப் பற்ற வைத்தது யார்?"

"நாந்தான் சார். போட்டோவுக்கு ஆவி வேணும்னு மாதவன் சார்தான்..."

"அவர் கேட்டது ஆவி. தீ வெச்சது நீங்க."

அன்று சாயங்காலமே அக்காவுக்கு வேலை போயிற்று. டாக்டரை தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஒருவருக்குக்கூட நோய் வராததால் குடல்நல வாரம் மாபெரும் வெற்றி என்று அறிவிக்கப்பட்டு, குடல்நல மாதமாகப் பதவி உயர்வு பெற்றது.

இன்றைக்கு அதன் தொடக்க விழா. புது சமையல்காரர் முனிவேல், அதே அண்டா, அதே ரிப்பன். அலுவலர் கெலமங்கலத்தில் வேறொன்றைத் திறந்துகொண்டிருக்கிறாராம். மாதவன் சாருக்கு இந்த முறை கட்டைவிரலில் கட்டு.

தில்ஷாத் அக்கா இப்போது கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டி போட்டிருக்கிறார். இட்லி சுடச்சுட இருக்கும். ஆனாலும் வியாபாரம் மந்தம். தஸ்லிம் படிப்பை விட்டுவிட்டு வண்டியில் சட்னி ஊற்றுகிறாள். காலையில் உள்ளே போகும்போது அக்கா எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. இட்லி கட்டிக் கொடுத்த கையோடு, ஆளுக்கொரு காலி பிளாஸ்டிக் கவரும் கொடுத்தார்.

"பஸ்ஸுல ஆகும். பாவம், கங்கப்பன் எத்தினி தடவதான் கழுவுவாரு."

வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டோம். உள்ளே சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அண்டாவுக்குள் கையை விட்டார். நாங்கள் கைதட்டினோம். தட்டத் தட்ட எல்லார் பையிலும் கவர் சரசரத்தது. எங்கள் கூட்டத்தில் சார் காதுபட ஏதோ சொன்னது அது ஒன்றுதான்.