கேசரியும் கவிழ்த்து வைத்த போனும்

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் இறங்கும் இடத்தைக் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, தல்லாகுளத்தில் இறங்க வேண்டியவள் கோரிப்பாளையம் வரை போய் நடந்து திரும்பியிருக்கிறேன். (ஒரு முறை இல்லை, மூன்று முறை.) ஐந்தாம் வகுப்போடு நான் நின்றதற்கு, ஆறாம் வகுப்பில் எல்லாரும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்று கேள்விப்பட்டதும் ஒரு காரணம். அப்படிப்பட்ட நான், முன்பின் பழகாத ஓர் அம்மாளிடம் ஒரு தடவை ஒன்பது நிமிடம் விடாமல் பேசியிருக்கிறேன். பேசுகிறேன் என்று எனக்குத்தான் தெரியாது.

எல்லாம் என் மகன் அந்தோணி வாங்கிக் கொடுத்த டச் போனால் வந்தது. என் விரல் அதில் எடுபடவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல், எந்நேரமும் ஈரம் வேறு. பச்சை வட்டத்தை இழு என்பான். நான் இழுப்பதற்குள் எதிராளி சலித்துப்போய் வைத்துவிடுவார்.

"விரலே வேணாம்மா. இதுல ஒளிஞ்சு கிடக்குற வித்தை எம்புட்டோ இருக்கு" என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். விறகு வெட்டுவதுபோல் இரண்டு தரம் ஆட்டினால் டார்ச் எரியும். மணிக்கட்டைத் திருகினால் கேமரா வரும். மணி அடிக்கும்போது கவிழ்த்து வைத்தால் சத்தம் நிற்கும். எடுத்துக் காதில் வைத்தால் போதும், தானாகவே இணைப்புக் கிடைத்துவிடும், பேசலாம்.

இதெல்லாம் அன்றாடம் உதவுமா என்று கேட்டால், டார்ச் உதவியது. கரண்ட் போன நேரத்தில் குழம்பை இறக்கியிருக்கிறேன். கேமராவில் என் தாடை மட்டும் நாற்பது படம் விழுந்தது. மற்ற இரண்டில்தான் விதி விளையாடியது.

அந்தோணிக்கு அப்போது மூன்று வருடமாகப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு இடம் தட்டிப்போய், ஏழாவதாக சோழவந்தானில் ஒரு டீச்சர் பெண், ஸ்டெல்லா. பார்த்துவிட்டு வரும் வழியிலேயே அவன் சொல்லிவிட்டான்: "இதுவும் சரிவரலைன்னா இனிமே என்னையக் கூப்பிடாதீக. நான் வர மாட்டேன்." அந்தப் பெண்ணை அவனுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு முடிவைச் சொல்வதாகப் பெண்ணின் அம்மா சொல்லியிருந்தார். அந்தோணி வீட்டில் இருக்க முடியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டான். என் வீட்டுக்காரர் பின்கட்டில் கண்ணாடியை மாட்டி, முகமெல்லாம் நுரை பூசிச் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் அடுப்படியில் அயிரை மீனை உப்புப் போட்டு உரசிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சோழவந்தான் அம்மாள்.

கவிழ்த்தால் சத்தம் நிற்கும் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. கவிழ்த்து வைக்க இடம் எங்கே, மேடை முழுக்க மீன். போனை முகம் உள்பக்கமாக இருக்கும்படி, சில்லறைப் பர்ஸ் வைக்கும் இடத்தில் செருகிக்கொண்டேன். (எங்கள் வயதுப் பெண்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.) சத்தம் நின்றது. நானும் கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன். காது எது, நெஞ்சு எது என்று அந்தப் போனுக்கு எப்படித் தெரியும்?

"ஏங்க, அந்தம்மா போன் போடுறாக. வந்து பேசுங்க."

"எடுத்துப் பேசு புள்ள. உன்னைய என்ன கடிச்சா தின்னுருவாக" என்றார் பின்கட்டிலிருந்து.

"என்னத்தைப் பேச? அன்னைக்கே ஒரு வார்த்தை பேசாமத்தான வந்தேன். அவுக வீட்டுக் கேசரி ஒரு கேசரியா? வாயில போட்டதும் பல்செட்டு அப்படியே ஒட்டிக்கிருச்சு. வாயத் தொறந்தா பல்லு தட்டுல விழுந்துரும்."

"அதான் உம்முன்னு இருந்தியா?"

"பின்ன? அந்தப் புள்ள வந்து, காபி நல்லாருக்கா அத்தைன்னு எம்புட்டு ஆசையாக் கேட்டுச்சு. தலையக்கூட ஆட்டல நான். ஆட்டுனா விழுந்துருமோன்னு பயம். தங்கமான புள்ளைங்க அது. நம்ம பயலுக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாது, நீங்க அங்க போயி பிரியாணியே செய்வான்னு அளந்துட்டு வந்தீக."

"ஒரு தரம் செஞ்சானே?"

"அதைத்தான் நாயி மோந்து பாத்துட்டுப் போச்சே."

இப்படியே போனது பேச்சு. நடுநடுவே எங்கிருந்தோ முணுமுணுவென்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு டிவி என்றிருந்தேன். கடைசியில் மீனை அலசக் குனிந்தபோது போன் நழுவிச் சட்டி விளிம்பில் தொற்றி நின்றது. "ஐயோ, போன் மீன் சட்டிக்குள்ள!" என்று கத்திவிட்டேன். அதற்குள்ளிருந்து தெளிவாக ஒரு குரல்: "பாத்துங்க, சட்டிக்குள்ள விழுந்துரப் போவுது."

நான் போனை அப்படியே விட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். என் பிள்ளையின் கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்தாயிற்று, அதுவும் பொய்ப் பல் வாயால். வெளியே இவர், "சரிங்கம்மா... ஆமாங்கம்மா..." என்பது மட்டும் கேட்டது. கதவை இம்மியளவு திறந்து பார்த்தேன். முகம் முழுக்க நுரை. சிரிக்கிறாரா, அழுகிறாரா, ஒன்றும் தெரியவில்லை.

போனை வைத்துவிட்டு வந்தார். "வேணாம்னு சொல்லத்தான் கூப்பிட்டாகளாம்."

நான் மறுபடியும் தாழ் போடப் போனேன்.

"மாமியாக்காரி வாயே தொறக்கல, தலைக்கனம் புடிச்ச பொம்பளை, நம்ம புள்ள அங்க போயி எப்படிப் பொழைக்கும்னு நெனச்சாகளாம். இப்ப, கேசரில சீனிப்பாகு முத்திப்போச்சு, மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாக. அடுத்த ஞாயித்துக்கெழமை பேசி முடிக்க வரச் சொல்லிட்டாக."

ஸ்டெல்லா எங்கள் வீட்டுக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், "என்ன, கேசரி சாப்பிட்டீகளா?" என்றுதான் கேட்பார்கள்.

சம்பந்தியம்மா போனிலும் ஒரு வித்தை ஒளிந்து கிடந்திருக்கிறது. பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகுமாம். அது அவருக்கே தெரியாது. ஸ்டெல்லாதான் கண்டுபிடித்தாள். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கூடும்போது அந்த ஒன்பது நிமிடத்தைப் போட்டுவிடுவாள். நான் அடுப்படிக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன்.

இவர் போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸில் அவள் அதைப் போடவில்லை. போடும்மா என்று நான்தான் சொன்னேன். அன்று அடுப்படிக்கு ஓடவில்லை. என் குரல் முடிந்ததும், தூரத்தில், பின்கட்டிலிருந்து: எடுத்துப் பேசு புள்ள. உன்னைய என்ன கடிச்சா தின்னுருவாக.

அதை என் போனுக்கும் அனுப்பி வைத்திருக்கிறாள். அதைக் கேட்க மட்டும் ஆட்டுவது, திருகுவது, கவிழ்ப்பது எதுவும் உதவாது. விரலால்தான் தொட வேண்டும். கையை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு நாலைந்து தரம் தொட்டால் வந்துவிடுகிறார்.