நில் என்று எழுதியிருந்த டொக்டர்

எனக்குக் கோபம் முழுதாக வரும், ஆங்கிலம் அரைகுறையாக வரும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் விலகி நிற்பது நல்லது.

ஏழாம் வகுப்பில், சண்டைக்குள், எங்கள் பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்தது. அது ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. மிச்ச ஆங்கிலத்தை நாயாற்றில் மீன் லொறிகளிலும் வவுனியாவில் சீமெந்துப் பைகளிலும் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

உருத்திரபுரத்தில் இருக்கும் என் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இடது கண் ஏற்கெனவே இருட்டு. வலதும் மங்கி, ஒருநாள் என் தேநீரில் உப்பைப் போட்டுத் தந்தார். (குடித்துவிட்டேன். அதைவிட மோசமானதையும் குடித்திருக்கிறோம்.) அந்த நேரம் வெளிநாட்டுத் தமிழ் டொக்டர் ஒருவர் இலவசமாகக் கண் சத்திரசிகிச்சை செய்ய வந்தார். அக்காவுக்குப் பதினான்காம் இலக்கம். இதைத் தவறவிட்டால் அடுத்த வருகை ஆறு மாதம் கழித்து.

ஆஸ்பத்திரி வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, பளை ஊர் ஐயா ஒருவர்தான் தீயை வைத்தார்.

"தம்பி, அங்க பிழைவிட்டு, இனி வெட்டக்கூடாதெண்டு மறிபட்ட டொக்டர்மார்தான் இஞ்ச வந்து சும்மா வெட்டுகினமாம். பேரை அடிச்சா போனில தெரியுமாம்."

அடித்தேன். அந்த நாட்டு வைத்தியர் பதிவேடு வந்தது. டொக்டரின் பெயர், பதிவு இலக்கம், அதற்குக் கீழே 'டிசிப்பிளின்' என்று தொடங்கும் ஒரு வரி. (டிசிப்பிளின் என்றால் பிரம்பு. அவ்வளவு படித்திருக்கிறேன்.) அதற்கு நேரே மூன்றே எழுத்து: என், ஐ, எல்.

நானும் கூட்டாளிமாரும் போனில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவோம். எழுத்துக்கூட்டினேன். நில்! தமிழ் டொக்டர் என்றபடியால் தமிழிலேயே உத்தரவு போட்டிருக்கிறார்களே என்று அந்த நாட்டை ஒரு கணம் மெச்சினேன். அடுத்த கணம் வாங்கின் மேல் ஏறிவிட்டேன்.

"என்ன அநியாயம்! வெள்ளைக்காரன் நில் எண்டு மறிச்ச ஆளோ எங்கட கண்ணில கை வைக்கிறது? எங்கட கண்ணென்ன பழகிப் பாக்கிற கண்ணோ? எழும்பு அக்கா!"

"கத்தாதை தம்பி, பதின்மூண்டாம் இலக்கம் உள்ள போட்டுது," என்றார் அக்கா.

பளை ஐயா முதலில் எழும்பினார். அவருக்குப் பின்னால் ஆறேழு பேர். சத்தம் கேட்டுப் பச்சைத் தொப்பியோடு டொக்டரே வெளியே வந்தார்.

"அண்ணை, போனை ஒருக்காத் தாங்கோ." வாசித்தார். சிரிப்பை அடக்கியதில் அவருடைய தொப்பியே ஆடியது. "இது தமிழில்லை அண்ணை. இங்கிலிசில நில் எண்டால் ஒண்டுமில்லை. எனக்குத் தண்டனை, எச்சரிக்கை ஒண்டும் இல்லை எண்டு கிடக்கு. ஆனா நீங்கள் பாத்தது நல்லது. எல்லாரும் பாக்க வேணும்."

வாங்கு முழுக்கச் சிரித்தது. பளை ஐயா எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்துவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தார்.

அக்கா சிரிக்கவில்லை. என் கூத்தில் அவருக்குப் பிரஷர் ஏறிவிட்டது. மூன்று தரம் அளந்தும் இறங்கவில்லை. "இண்டைக்கு வெட்ட ஏலாதம்மா," என்றார் தாதி. பதினைந்தாம் இலக்கம் உள்ளே போனது.

ஓட்டோவில் அக்கா ஒரேயொரு வசனம் சொன்னார்: "நில் எண்டு எழுதினது உனக்கடா."

ஆறு மாதம் அவர் சுவரைத் தடவித்தான் குசினிக்குப் போனார். அதைப் பார்த்துப் பார்த்து எரிந்தேன். பாதி ஆத்திரம் என்மேல். மீதி, அந்தக் கண் முகாமை நடத்தியவர்கள்மேல். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைக்கூட எங்கள் வளவுகளில் மூன்று மொழியில் நட்டார்கள். இலவசம், இலவசம் என்று தமிழில் நோட்டீஸ் அடித்தவர்களுக்கு, வெட்டப்போகிற டொக்டருக்குத் தண்டனை ஒன்றும் இல்லை என்று ஒரு வரி அடிக்க மை முடிந்துபோயிற்றா? கேட்டால், "அதெல்லாம் பகிரங்கமா இருக்குத்தானே," என்றார்கள். யாருக்குப் பகிரங்கம்?

அடுத்த வருகையில் அதே டொக்டர்தான் அக்காவுக்கு வெட்டினார். நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டேன்.

இப்போது வெளிநாட்டு டொக்டர் யாராவது வருகிறார் என்றால் ஊர்ச்சனம் பெயரை எழுதிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரும். (பதிவேட்டை வாசிப்பது பக்கத்து வீட்டு ரீச்சர். நான் போனைப் பிடிப்பேன்.) அக்கா குசினிக்குள் இருந்தே கேட்பார்:

"என்னடா, நில்லோ?"

"ஓம் அக்கா, நில்."

"அப்ப போங்கோ," என்று சனத்தை டொக்டரிடம் அனுப்பி வைப்பார்.