நாமக்கல்லில் என்னை விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள்

புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நம்பி வளர்ந்தவள் நான். அவர் ஆயுசு குறையவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையால் எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் குறைந்தது. அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான். (பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெருந்தன்மை.)

கல்யாணமாகி இருபது நாள் ஆகியிருந்தது. மேட்டூரில் அணையைக் கட்டி முடித்து, ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் அதைப் பார்த்துவிட்டு வந்த காலம். எனக்குப் பதினெட்டு வயது. எட்டாவது வரை படித்திருந்தேன். கடிகாரம் பார்க்கத் தெரியும், இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு ஜில்லாவையே ஆளலாம் என்று நினைப்பு.

புகுந்த வீடு திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ஒரு கிராமம். மாமனாருக்குக் கிணறும் கடலைக்காடும் இருந்தன. அவருடைய ஒரே மகனான என் வீட்டுக்காரருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் பக்கவாட்டில் ஓர் ஆள் உட்காரும்படி ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு பெட்டி. சேலத்து மோட்டார் கிளப்காரர்கள் அதை சைடுகார் என்பார்கள். எங்கள் ஊரில் அது தொட்டி.

மாமனாருக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. உழுமா, தண்ணீர் இறைக்குமா, சாணியாவது போடுமா என்று கேட்பார். கடைசியில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“சேலத்துல வருசா வருசம் பந்தயம் வெக்கறாங்கன்னு சொல்றயே. இந்தத் தடவ கோப்பையோட வந்தீன்னா வண்டி ஊட்ல நிக்கட்டும். இல்லீன்னா வித்துப்போட்டு ஒரு சோடி காளை புடிச்சுப்போடுவேன்.”

அன்று என் வீட்டுக்காரர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். வண்டி போனால் இந்த மனிதர் என்ன ஆவாரோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

அது வேகப் பந்தயம் அல்ல. சேலம் அஸ்தம்பட்டியில் புறப்பட்டு, சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல், ராசிபுரம் என்று சுற்றி அஸ்தம்பட்டிக்கே திரும்ப வேண்டும். எந்த ஊரை எந்த நிமிஷத்தில் தொட வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பிந்தினாலும் மார்க் போகும், முந்தினாலும் போகும். தொட்டி வைத்த வண்டியென்றால் தொட்டியில் கட்டாயம் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள்தான் கடிகாரத்தைப் பார்த்து வேகம் சொல்ல வேண்டும், ஊருக்கு ஊர் இறங்கி அட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும்.

அவருடைய சிநேகிதர் ஒருவர் வருவதாக இருந்தது. இரண்டு நாள் முன்னால் அவருக்கு அம்மை போட்டுவிட்டது. கடிகாரமும் இங்கிலீஷும் தெரிந்த இன்னொரு ஆள் அந்த ஊரிலேயே நான் ஒருத்திதான்.

மாமியார் ஒரே நிபந்தனை போட்டார். “போறதுன்னா போய்ட்டு வா அம்மிணி. நாலு பேர் பாக்க அவங்கூடப் பேசிக்கிட்டு மட்டும் போகாத.”

பேசாமல் எப்படி வேகம் சொல்வது? நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். (அறிவாளி.) குடைக்காம்பால் விலாவில் ஒரு குத்து குத்தினால் மெதுவாகப் போக வேண்டும். இரண்டு குத்தினால் வேகமாகப் போக வேண்டும். அவரும் சம்மதித்தார். இருபது நாளில் நாங்கள் சேர்ந்து எடுத்த முதல் முடிவு அது.

அந்த ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்தது. சங்ககிரியில் ஒரு மார்க் போகவில்லை. திருச்செங்கோட்டிலும் போகவில்லை. நாமக்கல் கோட்டைக்குக் கீழே போய் நின்றபோது என் கையிலிருந்த கடிகாரமும் கிளப்காரர் மேஜைமேல் இருந்த கடிகாரமும் ஒரே நிமிஷத்தைக் காட்டின. எங்களுக்கு முன்னால் வந்த இரண்டு பேருக்கும் ஏற்கெனவே மார்க் போயிருந்தது. கோப்பையை வீட்டில் எங்கே வைப்பது என்றுகூட நான் யோசித்துவிட்டேன்.

குடையைத் தொட்டியிலேயே வைத்துவிட்டு, கையெழுத்து வாங்க இறங்கினேன். சூடான என்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்பதால் அவர் அதை உறுமவிட்டபடி, காதை மூடிய தோல் தொப்பியும் கண்ணாடியுமாக நேரே பார்த்து உட்கார்ந்திருந்தார். வண்டியைச் சுற்றி நல்ல கூட்டம். அதில் ஒரு பெரியவருக்கு, இந்த வண்டி எத்தனை மைல் ஓடும் என்று தெரிந்தாக வேண்டும். கேட்டுப் பார்த்தார். பதில் இல்லை. தொட்டியிலிருந்து குடையை எடுத்து, மரியாதையாக, என் வீட்டுக்காரரின் விலாவில் இரண்டு குத்து குத்தினார்.

வண்டி பறந்தது. பெரியவர் பயந்துபோய்க் குடையைத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டார்.

“ஏனுங்க” என்று கத்தினேன். கூட்டத்திலிருந்த அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை.

“அவரு பேரென்னங்க அம்மிணி? நாங்க கூப்புடறோம்” என்றார் ஒருவர்.

இங்கேதான் என் அறிவின் உச்சம். பேரைச் சொல்லக் கூடாதே. “நல்லன்னு ஆரம்பிக்குமுங்க” என்றேன்.

“நல்லதம்பிங்களா?”

“இல்லீங்க.”

“நல்லசாமி?”

“அதுமில்லீங்க. பின்னாடி வாரது கடல்ல கெடைக்குமுங்க.”

“உப்புங்களா?” என்றார் குடையால் குத்திய பெரியவர், உண்மையான அக்கறையோடு.

அவர்கள் சரியான பேரைக் கண்டுபிடிப்பதற்குள் புழுதிகூட அடங்கிவிட்டது. என் கையில் அட்டையும் கடிகாரமும். சேலம் போகும் பஸ் ஒன்று வந்தது. கூட்டமே அதை மறித்து என்னை ஏற்றிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன்.

அந்தப் பக்கம் அவர் செய்ததை அப்புறம்தான் சொன்னார். நாமக்கல் தாண்டியதும் சந்தோஷம் தாங்காமல், ரோட்டைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாராம். “நீயில்லீன்னா நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன் புள்ள. உன்னையக் கட்டுனது என்ர யோகம்” என்று, இருபது நாளாகச் சொல்லக் கூச்சப்பட்டதையெல்லாம் மூன்று மைலுக்குச் சொன்னாராம். பதிலும் இல்லை, குத்தும் இல்லை. திரும்பிப் பார்த்தால் தொட்டியில் குடை மட்டும் இருந்தது.

நான் வழியில் எங்கோ விழுந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

நாமக்கல்லைத் தாண்டி இரண்டு மைல் போனதும் எங்கள் பஸ்ஸுக்கு எதிரே அந்த வண்டி வந்தது. தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, ரோட்டோரப் பள்ளம் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தபடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோப்பை மறந்துபோனது, மாமியார் மறந்துபோனார், ஆயுசும் மறந்துபோனது.

“நல்லமுத்து, நில்லு” என்று கத்தினேன். ‘ங்க’கூடப் போடவில்லை.

பஸ்ஸில் ஒரு பாட்டியம்மாள் காதைப் பொத்திக்கொண்டார். டிரைவர் பயத்தில் பிரேக்கை மிதித்தார். என் வீட்டுக்காரர் பாதி ரோட்டில் வண்டியைத் திருப்பப் பார்த்து, தொட்டியோடு கடலைக்காட்டுக்குள் இறங்கினார். செடிகளுக்கு நடுவில் எழுந்து நின்று, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, “அடியேதும் படலீல்ல?” என்று என்னைக் கேட்டார். அவர் முழங்காலில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கி வண்டியைத் தூக்கிவிட்டார்கள். அஸ்தம்பட்டி போய்ச் சேர்ந்தபோது மேஜை நாற்காலியெல்லாம் எடுத்துவிட்டார்கள். கோப்பையை வேறொருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் ஊர் போவதற்குள் பஸ்ஸில் வந்தவர்கள் வழியாக விஷயம் வீட்டுக்குப் போயிருந்தது. மாமியார், மகன் ஆயுசுக்காகத் திருச்செங்கோட்டு மலையேறி விளக்குப் போட்டுவிட்டு வந்து, மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மாமனார்தான் சொன்னார்: “பஸ்ஸுல கூப்புட்டத நாமக்கல்லுலயே கூப்புட்டிருக்கலாமில்ல அம்மிணி.”

சொன்ன சொல் தவறாதவர். ஆடி பிறப்பதற்குள் வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனதை வாசலில் நின்று என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். வாசலில் வேலைக்காரர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் இருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய், “நல்லமுத்து, சாப்பிட வாங்க” என்றேன். மாமியார் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

அன்று தொடங்கிய பழக்கத்தை நான் விடவில்லை. என்னைப் பார்த்து எங்கள் நான்கு பிள்ளைகளும் அப்பா என்று கூப்பிடக் கற்கவே இல்லை. பெரியவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் அப்பா பேர் என்ன என்று கேட்க, அவன் வாசல் பக்கம் திரும்பி, “நல்லமுத்து, உன்னையக் கூப்புடறாங்க” என்றான். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் எங்கள் குடும்பத்தை இதைச் சொல்லித்தான் அறிமுகம் செய்கிறார்கள். நேற்றுக்கூட, மூன்று வயதுப் பேத்தி கட்டில்மேல் நின்றுகொண்டு, “நல்லமுத்து, என்னையத் தூக்கு” என்றாள். அவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, “வந்துட்டனுங்க” என்று எழுந்து போனார்.