பேனல் தெற்குப் பார்க்கணும்

வாட்ஸப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த டில்லிபாபு தலையில் கை வைத்துக்கொண்டார். பேனல் வடக்குப் பார்த்து நின்றது.

ஒரகடத்தில் ஒரு சோலார் கம்பெனியில் அவர் சர்வீஸ் சூப்பர்வைசர். மண்ணூர்க்காரர். பதினைந்து வருஷத்தில் இந்தப் பக்கம் அவர் ஏறாத மொட்டைமாடி கிடையாது. படம் அனுப்பிய வேல்ராஜ், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரன், கம்பெனி அனுப்பிவைத்து ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக் கிராமம் ஒன்றில் ஆஸ்பத்திரிக் கூரைமேல் உட்கார்ந்திருந்தான். கரண்டே வராத ஊர். வெள்ளிக்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி மருந்து வருகிறது. அதற்குள் சோலார் ஃப்ரிட்ஜ் சில்லென்று ஆகாவிட்டால் மருந்து வண்டி வந்த வழியே திரும்பிவிடும்.

"இன்னாடா மாட்டி வெச்சிகீற? பேனல் தெக்கு பாக்கணும்னு தெரியாது?"

"இங்குள்ள நர்சம்மாதான் வடக்க பாத்து வைக்கச் சொல்லுதாங்க அண்ணாச்சி."

"ஊசி போடுறவங்களுக்கு சோலார் பத்தி இன்னா தெரியும்? திருப்புடா!"

திருப்பினான். மறுநாள் பேட்டரி பாதிகூட ஏறவில்லை.

"தெக்கால இன்னும் நல்லா சாய்ச்சு வை."

சாய்த்தான். ஏறியிருந்ததும் இறங்கிப்போனது.

"மரம் எதுனா மறைக்குதா பாரு."

"ஒரு மாமரம் நிக்கி. அதுக்கு அடியிலதான் புள்ளத்தாச்சிங்க உக்காந்திருக்காங்க."

"கிளைய வெட்டு!"

வெட்டினார்கள். கர்ப்பிணிகள் வெயிலுக்கு வந்ததுதான் மிச்சம்.

புதன்கிழமை கேன்டீனில் டில்லிபாபு டீயைத் தள்ளி வைத்தார். தன் வாய்ச்சவடாலால் அத்தனை பிள்ளைகளின் மருந்து திரும்பிப் போகப்போகிறதே என்று வெட்கமாக இருந்தது. மெதுவாகப் போனை எடுத்தார்.

"வேல்ராஜு... அந்தம்மா சொன்ன மாறியே வெச்சுடுப்பா."

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"அண்ணாச்சி, ஃப்ரிட்ஜு சில்லுன்னு கிடக்கு! மருந்து உள்ள ஏறிட்டு!"

டில்லிபாபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்புட்ரா?"

"பூமியில நாம மேல் பாதியாம், இவங்க கீழ்ப் பாதியாம். இங்க சூரியன் வடக்காலதான் போவுமாம்."

"அடப்பாவி! நர்சம்மா இன்னா சொன்னாங்க? திட்டினாங்களா?"

"திட்டல அண்ணாச்சி. 'உங்க ஊர்ல சூரியன் தெக்காலயா போவுது? ஐயோ பாவம், அதைச் சரி பண்ண இங்கேருந்து ஆள் அனுப்பட்டுமா?'ன்னு கேக்காங்க."