பனி தேசத்துப் போலீசும் பொன்னியம்மா கோழியும்

பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாவின் கோழியைக் காணோம். அதுவும் புரட்டாசியில். அதுவும் ஆதிநாராயணனின் மனைவி பிரமிளா அந்த சீரியலைப் பார்க்க ஆரம்பித்த பிறகு.

சுவீடன், டென்மார்க் பக்கத்து சீரியல் அது. தெலுங்கு டப்பிங். எந்நேரமும் பனி கொட்டும். எடுத்த எடுப்பில் பிணம் கிடைக்கும். கம்பளிச் சட்டை போட்ட போலீஸ்காரம்மா ஒருத்தி வருவாள். சிரிக்க மாட்டாள், சாப்பிட மாட்டாள். சந்தேகத்துக்குரியவன் எதிரே உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டே இருப்பாள். அது தாங்காமல் அவனே எல்லாவற்றையும் கக்கிவிடுவான். கடைசியில் ஊரிலேயே சாதுவான ஆள்தான் கொலைகாரன் என்பாள் பிரமிளா.

ஆந்திர எல்லையோரச் சத்தியவேட்டில் ஆதிநாராயணனைவிட சாது யார்? அவருக்குப் பகீரென்றது.

புரட்டாசியில் அவர் கவிச்சி தொட்டால் திருமலையில் மொட்டை என்று கல்யாணமான வருஷமே பிரமிளா வேண்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிலும் நரைக்காத சுருட்டை முடி. ஸ்ரீசிட்டி கம்பெனியில் பாதிப் பேருக்கு அதன்மேல் பொறாமை. போன சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், கூட வேலை செய்யும் தனசேகரோடு பக்கத்து ஊர் தடாவுக்குப் போய் மனுஷன் கோழி பிரியாணி சாப்பிட்டிருந்தார்.

பயத்தில்தான் அந்த யோசனை பிறந்தது. சீரியலில் முதலில் மாட்டுகிறவன் நிரபராதி. விசாரித்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடுவார்கள். கோழி கேஸில் தானாகப் போய் மாட்டிக்கொண்டால்? அந்தக் கோழியை அவர் தொடவே இல்லையே. ஒருதரம் விடுதலையாகிவிட்டால் தடா பிரியாணியை யார் கிளறப் போகிறார்கள்?

தெருவில் கிடந்த ஒரு கோழி இறகைச் சட்டைப் பையில் பாதி தெரிய செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

பிரமிளா பார்த்தாள். பெட்டியைத் திறந்து, திருமலைக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

"குந்து மாமா."

குந்தினார்.

"பையில இன்னாது?"

"எறகு. காத்துல வந்திருக்கும்."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் துன்னல பிரமிளா."

ஸ்வெட்டருக்குள் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. துடைக்கக்கூட இல்லை.

"பொன்னியம்மாக்கா கோழிய நான் இன்னாத்துக்குத் துன்னப் போறேன்?"

அதற்கும் அதே பார்வைதான்.

வாசலில் நின்ற பொன்னியம்மா கேட்டாள். "சனிக்கெயம மத்தியானம் காணாம பூட்ச்சி. அப்ப உங்க ஊட்டுக்காரு எங்க இருந்தாரு?"

"நான் ஊர்லயே இல்லக்கா. தடாவுல இருந்தேன்."

"சாட்சி?" என்றாள் பிரமிளா.

ஆதிநாராயணனுக்கு உயிர் வந்தது. இதோ விடுதலை.

"தனசேகர கேளு. ஓட்டல்காரன கேளு. ரெண்டு பேரும் ஒண்ணா குந்திக்கினு பிரியாணி துன்னோம். ஒரே நேரத்துல ஒரு ஆளு ரெண்டு எடத்துல எப்பிடி கோழி துன்ன முடியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதுக்கே அது கேட்டது.

பிரமிளா ஸ்வெட்டரைக் கழற்றினாள். "அக்கா, உங்க கோழிய எடுத்துக்கினு போங்க. தோட்டத்துல கூடைக்கடியில கீது."

"நீயா ஒளிச்சி வச்ச?" என்றார் ஆதிநாராயணன்.

"அக்காவ கேட்டுக்கினுதான் வச்சேன். அன்னிக்கு ராத்திரி சோறு வேணாம்னு சொல்லிட்டு சோம்பு மென்னுகினு இருந்தியே, அப்பவே சந்தேகம். நீயே வாயத் தொறக்கணும்னுதான் சனிக்கெயம காணாம பூட்ச்சின்னு அக்காவ சொல்லச் சொன்னேன்."

அடுத்த சனிக்கிழமை, திருமலையில் மொட்டை போடும் கல்யாணகட்டாவில் முதல் சுருட்டை அவர் மடியில் விழுந்தது. மனசு ஆறவில்லை.

"ஏம்மே, மொதல்ல மாட்டுறவன் நிரபராதி தானே?"

"ஆமா மாமா. கடைசி பாகத்துல திரும்பியும் அவனத்தான் புடிப்பாங்க. நீதான் எப்பவும் பாதியில தூங்கிடுவியே."