வாய் பார்த்து மாப்பிள்ளை எடுப்பவர்

கைரேகை பார்த்துக் குணம் சொல்பவர்கள் உண்டு. நடை பார்த்துச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் ஒருவர் சாப்பிடும் வாயை மட்டும் பார்த்து அவரது ஏழு தலைமுறையை எடைபோடும் இனத்தை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? இலையுதிர்காலத்து ஷாங்காய்ச் சந்துகளில் இவர்கள் பெருகிவிடுவார்கள். சண்டைக்கு விடும் சுவர்க்கோழிப் பூச்சிகளின் பருவம் அல்லவா அது!

இந்த இனத்தின் திலகம் பெய் ஜோங்லின். மண்குடுவைக்குள் பூதக்கண்ணாடியை விட்டு, பூச்சியின் வாயோரத்து உணர்விழைகள் சோற்றுப் பருக்கையைத் தொட்டு ருசி பார்ப்பதையும், பிறகு தாடைகள் இரட்டைக் கதவுபோலப் பக்கவாட்டில் திறந்து கடிப்பதையும் பார்த்துப் பார்த்து, கடைசியில் மனிதர்களையும் அப்படியே பார்க்கத் தொடங்கிவிட்டார். சூப்பை உறிஞ்சும் மாடிவீட்டுக்காரர் கொசு. அலுவலக மேலாளர் ஈ. எச்சில் படுத்திக் கரைக்காமல் எதையும் தொடமாட்டார். பக்கத்து வீட்டம்மாள் வண்ணத்துப்பூச்சி; சுருட்டி வைத்த குழலைத் தேன் உள்ள வீட்டில்தான் நீட்டுவாள். சரி, இவர்? அதைக் கேட்க யாருக்குத் துணிச்சல்?

மகள் லான்யிங் தான் விரும்பிய ஷியே கானை நண்டு விருந்துக்கு அழைத்து வந்தாள். அப்பா தலையசைத்தால் கல்யாணம். இல்லையென்றால் இல்லை. பாவம், பெண்ணுக்கு நண்டு இறங்கவே இல்லை.

சுவர்க்கோழியின் தாடை விரிய வேண்டுமானால் புல்நுனியால் அதைச் சீண்டுவார்கள். பெய்யும் சீண்டினார்.

"என்ன தம்பி, உங்க ஊர் நண்டெல்லாம் வெறும் ஓடுதானாமே?"

"ஆமா மாமா, அதனாலதான் இங்க வந்துட்டேன்," என்று சிரித்துவிட்டு, பையன் நண்டுக்காலைப் பிரித்தான்.

"முடி இப்பவே கொட்டுது போல?"

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் மாமா."

ஊஹூம். தாடை விரியவில்லை! பெய் மனைவி யாவ்ஃபென்னை அடுப்படிக்கு இழுத்துப் போனார்.

"வாயே திறக்கலை பாரு. கோழை. இவன் சண்டைக்கு ஆகமாட்டான்."

பின்னாலேயே வந்து நின்ற மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சண்டை போடவாப்பா நான் கட்டிக்கறேன்?"

பெய் கதவிடுக்கில் கண்ணை வைத்தார். பையன் இன்னும் தன் நண்டிலேயே மூழ்கியிருந்தான். ஓட்டை நுணுக்கமாகப் பிளந்து, சதையைச் சிந்தாமல் சிதறாமல் எடுத்தான். எடுத்ததை எல்லாம் லான்யிங்கின் கிண்ணத்தில் வைத்தான். தன் வாயில் ஒன்றும் போடவில்லை.

"இது எந்தப் பூச்சியிலயும் இல்லையேடி!" என்று திகைத்தார் பெய்.

"நல்லவேளை, எங்கப்பா பூச்சி வளர்க்கலை," என்றாள் யாவ்ஃபென். "வளர்த்திருந்தா, இருக்கற நண்டையெல்லாம் ஒத்தையா மேயற உங்க வாயைப் பார்த்து, வெட்டுக்கிளின்னு சொல்லி விரட்டியிருப்பாரு."

பெய் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலையசைத்தார். லான்யிங் அன்று மூன்று நண்டு தின்றாள்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். போன கல்யாணப் பந்தியில் எதிர் வரிசைக்காரர் பாயசம் உறிஞ்சியதைப் பார்த்து முகம் சுளித்தீர்களே, அப்போது அவரும் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பூச்சி என்று முடிவு செய்தாரோ, யார் கண்டது!